குடலின் குருதியும் குடும்பத்தின் கொடிவழியும்

கண்டியிலிருந்து வத்துகாமம் வழியாக மலையேறும் சாலை நக்கிள்ஸ் மலைத்தொடரை அணுகும் இடத்தில் அமைந்துள்ள பன்வில, பத்தொன்பதாம் நூற்றாண்டில் காப்பிக்காகக் காடழிக்கப்பட்ட மலைப்பகுதிகளுள் ஒன்றாகும். அதனைச் சூழ்ந்த மடுல்கலை, கலபொக்கை, ஹுலுகங்கை முதலிய இடங்களில் முதலில் காப்பியும், 1869 இல் இலங்கையில் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் காப்பியை அழித்தபின் தேயிலையும் பயிரிடப்பட்டன. அத்தோட்டங்களில் உழைப்பதற்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்குள்ள லயங்கள் எனப்படும் வரிசைக் குடியிருப்புகளில் பெருமளவில் வாழ்கின்றனர். இம்மக்களின் குடல்நோய் வரலாறு இதுவரை தொற்றுநோய்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அது பிழையன்று, ஆனால் முழுமையானதும் அன்று. இளவயதினரின் மலத்தில் குருதி தென்பட்டால் அதனைக் கிருமியாலோ புழுவாலோ மூலத்தாலோ வந்தது என்று மட்டும் கொள்ளும் வழக்கம் அந்த வரலாற்றிலிருந்தே பிறந்தது. பெருங்குடலின் உட்சுவரில் முளைத்து வளரும் பொலிப்புகளை இளையோரிடம் கண்டறிய இரண்டு வேண்டும்: குடலின் உள்ளே சென்று பார்க்கும் கண், குடும்பத்தின் நோய்களைத் தலைமுறை தலைமுறையாக நினைவில் வைத்திருக்கும் பதிவு. மலையகத்தில் முதலாவது காலந்தாழ்ந்து வந்தது. இரண்டாவது இருந்தும் சிதறிப்போயிற்று.

மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை, மாத்தளை வழியாகக் கால்நடையாக மலைநாட்டை அடைந்த தொடக்ககாலத் தொழிலாளருள் பெருந்தொகையினர் வாந்திபேதிக்கும் சீதபேதிக்கும் வழியிலேயே பலியாயினர். தோட்டத்தை அடைந்தவர்களுக்கும் விடிவு கிட்டவில்லை. ஒரு காம்பராவில் ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள் நெருங்கி வாழ்ந்த லயங்களில், கழிப்பிடமின்றி, ஓடைநீரைக் குடித்து வாழ்ந்தவர்களிடையே வயிற்றோட்டமும் இரத்தக்கடுப்பும் ஆண்டுதோறும் உயிர்களைக் கொண்டுபோயின. மரணப் பதிவுகளில் இடம்பெற்ற காரணங்களும் பெரும்பாலும் இவையே: வயிற்றோட்டம், சீதபேதி, சோகை, உடல்தளர்ச்சி. கடைசிச் சொல்லுக்கு மருத்துவப் பொருள் ஏதுமில்லை. மெலிந்து வெளிறி இறந்தவர் எதனால் மெலிந்தார் என்று எவரும் ஆராயவில்லை என்பதையே அது தெரிவிக்கிறது. இருபது வயதில் குருதி கழிந்து மெலிந்து இறந்த ஒருவரின் குடலில் என்ன இருந்தது என்பதை அப்பதிவுகளிலிருந்து இன்று எவராலும் அறிய முடியாது. அவர்களுள் ஒரு சிலருக்கேனும் சீதபேதி அல்லாத வேறொரு நோய் இருந்திருக்கக்கூடும் என்பதை மறுப்பதற்கும் அவற்றில் இடமில்லை.

தோட்டத் தொழிலாளரின் மருத்துவத்தைச் சட்டத்தின் பொறுப்பாக்கிய முதல் முயற்சி, ஆளுநர் வில்லியம் கிரெகரியின் காலத்தில், 1872 இல் இயற்றப்பட்ட மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டமாகும். தோட்டப் பகுதிகளை மருத்துவ வட்டாரங்களாகப் பிரித்து, தோட்டங்களிடமிருந்து பெறும் பணத்தில் வைத்தியர்களையும் வைத்தியசாலைகளையும் அமைப்பது அதன் திட்டம். தோட்டத்துரைமார் சிக்கனத்தையே பெரிதாகக் கொண்டமையால் அது சரிவர நடைபெறவில்லை. 1880 இல் அரசின் நேரடிப் பொறுப்பை அதிகரித்தும், 1912 இல் மேலும் திருத்தியும் புதிய சட்டங்கள் கொண்டுவரப்பட்டன. ஆயினும் நோயாளியின் முன் நாள்தோறும் நின்றவர் வைத்தியர் அல்லர். தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கலந்து கொடுத்த டிஸ்பென்சரே. விளக்கெண்ணெய், பேதியுப்பு, கொயினா ஆகியவற்றையே பெரிதும் நம்பியிருந்த அவரிடம் குருதியோடு வந்த இளைஞனுக்குப் பேதி மருந்து கிடைத்தது. மருந்து கேட்காவிடில் லயத்துக்குத் திரும்பி, மாதுளம் பழத்தோலையும் மோரையும் நாடினான். மூலநோயை இருபத்தொரு வகையாகப் பிரித்து, குருதி கொட்டுவதையும் முளை தள்ளுவதையும் வேறுபடுத்திக் கூறிய சித்த மருத்துவ மரபு இம்மக்களுக்கு அந்நியமன்று. எனினும் அம்மரபும் ஆசனவாயில் கண்ணுக்குத் தென்படுவதைக் கொண்டே நோயை வகுத்தது. அதற்கு மேலேயுள்ள குடலை உயிருள்ள மனிதரிடம் முழுவதும் காணும் வழி அன்று உலகில் எந்த மருத்துவத்திடமும் இருக்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலையகக் குடல்நோயின் வரலாற்றைத் திருப்பியது கொழுக்கிப்புழுவாகும். மண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலுக்குள் புகுந்து, சிறுகுடலின் சுவரைக் கவ்விக் குருதியை உறிஞ்சும் இப்புழு, மலம் சிவக்காமலேயே ஆளை வெளிறச் செய்யும். அமெரிக்காவின் ரொக்ஃபெல்லர் நிறுவனத்தின் சர்வதேசச் சுகாதாரச் சபை 1916 இல் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் தனது கொழுக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியது. தொழிலாளர் ஒவ்வொருவரின் மலமும் சிறு தகரக் குப்பிகளில் பெறப்பட்டு, நுண்காட்டியில் முட்டைகள் தேடப்பட்டன. பரிசோதிக்கப்பட்டோருள் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவர்களிடம் புழு இருந்தது. தைமோலும் கெனோபோடியம் எண்ணெயும், அவற்றைத் தொடர்ந்து பேதியுப்பும் கொடுக்கப்பட்டன. புழு வெளியேறியது, ஆனால் அசுத்தமான மண்ணிலிருந்து திரும்பவும் வந்தது. கழிப்பிடம் கட்டாமல் மருந்து கொடுப்பதில் பயனில்லை என்று இயக்கத்தினர் வற்புறுத்தியபோது, அச்செலவை ஏற்கத் தோட்ட உரிமையாளர் பலர் தயங்கினர். இவ்வியக்கம் மலையகத்துக்கு நன்மை செய்தது என்பதில் ஐயமில்லை. அதனோடு அது ஒரு பார்வையையும் நிலைநிறுத்திச் சென்றது. வெளிறிய முகமுள்ள இளைஞனைக் கண்டவுடன் புழு மருந்தும் இரும்புச்சத்தும் கொடுக்கும் வழக்கம் அப்போது வேரூன்றியது. தகரக் குப்பிக்குள் வருவது குடலில் வாழும் பிற உயிர்களே. குடற்சுவரிலேயே முளைப்பது அக்குப்பிக்குள் வருவதில்லை.

அதற்கு முன்பிருந்தே ஐரோப்பாவில் அந்தச் சுவரைப் பற்றிய அறிவு மெல்லத் திரண்டுகொண்டிருந்தது. பொலிப் என்பது குடலின் உட்தோலிலிருந்து எழும் சிறு தசைமுளை. சில காம்போடு தொங்கும், சில தட்டையாகப் படர்ந்திருக்கும். பெரும்பாலானவை வலி தருவதில்லை. மலம் உரசும்போது மேற்பரப்பு கீறிக் குருதி கசியும். 1859 இல் பிரான்சின் ஷார்ஜலேக், பெருங்குடல் முழுவதும் முளைகள் நிறைந்திருந்த 16 வயதுப் பெண்ணையும் 21 வயது ஆணையும் பற்றி எழுதினார். இந்நோய் இளமையிலேயே தோன்றுகிறது என்பது அப்போதே புலப்பட்டது. 1882 இல் இலண்டனில் ஹாரிசன் கிரிப்ஸ் ஒரே குடும்பத்தின் அண்ணனிடமும் தங்கையிடமும் அதைக் கண்டு, குடும்பவழி நோயாகலாம் என்ற எண்ணத்துக்கு வித்திட்டார். இலண்டன் செயின்ட் மார்க்ஸ் வைத்தியசாலையின் அறுவைமருத்துவர் லொக்ஹார்ட்-மமரி 1925 இல் இத்தகைய குடும்பங்களைப் பற்றி வெளியிட்டார்; அவ்வைத்தியசாலையில் 1924 இல் தொடங்கிய பதிவேடு, நோய்க்கூற்றியலாளர் கத்பர்ட் டியூக்ஸின் மேற்பார்வையில், பஸ்ஸி என்னும் ஆய்வுகூட உதவியாளரின் பல பத்தாண்டு உழைப்பால் நூற்றுக்கணக்கான குடும்பங்களின் கொடிவழிகளைத் திரட்டியது. பேரன் ஒருவனுக்குக் குருதி கண்டால், பாட்டனார் எதனால் இறந்தார் என்று கடிதம் எழுதிக் கேட்டறிந்து கொடிவழிப் படத்தின் வட்டங்களையும் சதுரங்களையும் வரைந்த அந்தப் பொறுமையான எழுத்துவேலையே, குடும்பவழிப் பொலிப் பெருக்கம் என்னும் நோயின் இயல்பை உலகுக்கு உணர்த்தியது. விலையுயர்ந்த கருவி எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை.

இந்நோயைச் சற்று விரிவாக விளக்குவது அவசியம். ஏ.பி.சி என்னும் மரபணுவின் இரு படிகளில் ஒன்று பிறவியிலேயே பழுதுற்றிருப்பவரின் பெருங்குடலில், பதின்ம வயதில் தொடங்கி நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் அடினோமா என்ற வகைப் பொலிப்புகள் முளைக்கின்றன. அடினோமா, காலப்போக்கில் புற்றாக மாறவல்ல வகை. ஆயிரம் முளைகளுள் ஏதேனும் ஒன்று மாறாமல் போவது அரிதாகையால், குடலை அகற்றாவிடில் ஏறத்தாழ எல்லோருக்கும், பெரும்பாலும் 40 வயதையொட்டி, பெருங்குடற் புற்றுநோய் வந்துவிடுகிறது. பழுது பெற்றோர் ஒருவரிடமிருந்து பிள்ளைக்குச் செல்லும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. இந்நோயாளருள் நான்கில் ஒருவரளவில் பெற்றோரிடம் இல்லாத புதிய பழுதோடு பிறக்கின்றனர்; ஆகவே குடும்பத்தில் எவருக்கும் இல்லை என்பதை மட்டும் கொண்டு ஐயத்தைக் கைவிட முடியாது. ஏறத்தாழ பத்தாயிரம் பேருக்கு ஒருவரிடம் காணப்படும் இந்நோய் அரிதானது. ஆனால் ஒரு தோட்டத்தில் அது ஒரு குடும்பத்தைப் பற்றினால், அக்குடும்பத்துக்கு அது அரிதன்று.

இளையோரிடம் காணும் எல்லாப் பொலிப்புகளும் இத்தகையன அல்ல என்பதையும் அதே அழுத்தத்தோடு கூறவேண்டும். இரண்டு முதல் பத்து வயது வரையான குழந்தைகளிடம் பெரும்பாலும் காணப்படுவது தனியொரு சிறார் பொலிப்பு. சளி நிறைந்த சிறு பைகளைக் கொண்ட, காம்புள்ள, சிவந்த முளை. வலியின்றி, மலத்தின் மேற்பரப்பில் கோடாக, செந்நிறக் குருதி வரும். சில வேளைகளில் முளையே ஆசனவாய்க்கு வெளியே தள்ளி வந்து மூலமென்று கொள்ளப்படும். சில வேளைகளில் காம்பறுந்து தானே விழுந்துவிடும். தனித்திருக்கும் வரையில் இதனால் புற்றுநோய் அச்சமில்லை, அகற்றியபின் தொடர்ந்து கண்காணிக்கவும் வேண்டியதில்லை. ஆனால் அத்தகைய முளைகள் ஐந்தோ அதற்கு மேலோ இருப்பின், அல்லது குடும்பத்தில் வேறொருவருக்கும் இருப்பின், அது சிறார் பொலிப் பெருக்கம் என்னும் பரம்பரை நோயாகும். உதடுகளிலும் வாயின் உட்புறத்திலும் கரும்புள்ளிகளோடு, சிறுகுடல் முளைகளால் குடல் ஒன்றனுள் ஒன்று நுழைந்து கடும் வயிற்றுவலி தரும் பியூட்ஸ்-ஜெகர்ஸ் நோய்க்குறியை 1921 இல் ஒல்லாந்தில் பியூட்ஸ் விவரித்தார். லிஞ்ச் நோய்க்குறியில் முளைகள் மிகச்சிலவே தோன்றினும் அவை விரைவாகப் புற்றாக மாறுகின்றன. 1966 இல் ஹென்றி லிஞ்ச் வெளியிட்ட குடும்ப ஆய்வுகளே அதற்கு அடிப்படையாயின. சீதபேதியையும் மூலத்தையும் தவிர வேறு விளக்கமில்லாத டிஸ்பென்சரியில் இவை அனைத்தும் ஒரே நோயாகவே தோன்றியிருக்கும்.

குடலின் உள்ளே பார்க்கும் கண் பிறந்தது 1957 இல். ஹிர்ஷோவிட்ஸ் மிச்சிகனில் உருவாக்கிய, வளையும் கண்ணாடி இழைகளாலான உள்நோக்கி இரைப்பைக்கே உரியதாயினும், 1960களின் இறுதிக்குள் அதே தத்துவத்தில் பெருங்குடலை முழுவதும் காணும் கருவியும் வந்தது. 1969 இல் நியூயோர்க்கில் ஷின்யாவும் வோல்ஃபும் அக்கருவியின் வழியாகக் கம்பிக் கண்ணியைச் செலுத்தி, முளையின் காம்பை மின்சாரத்தால் சுட்டு அறுத்தெடுத்தனர். வயிற்றைக் கீறித் திறந்து செய்யவேண்டியிருந்த வேலை அன்று முதல் மயக்க ஊசியோடு முடியும் வேலையாயிற்று. அடினோமாக்களை இவ்வாறு அகற்றுவதால் பின்னர் வரக்கூடிய பெருங்குடற் புற்றுநோய் முக்கால் பங்குக்கும் மேல் குறைவதாக 1993 இல் அமெரிக்கத் தேசியப் பொலிப் ஆய்வு காட்டியது. இலங்கையின் இரண்டாவது மருத்துவ பீடம் 1962 இல் பேராதனையில் தொடங்கப்பட்டமையும், 1980 இல் அங்கு போதனா வைத்தியசாலை உருவானமையும் கண்டியைச் சூழ்ந்த மக்களுக்குச் சிறப்பு மருத்துவத்தை எட்டும் தூரத்துக்குக் கொண்டுவந்தன. எனினும் அக்கால மருத்துவக் கல்வியில், பெருங்குடல் முளையும் புற்றும் மேலைநாட்டு முதியோரின் நோய்கள் என்ற கருத்தே மேலோங்கி நின்றது. நார்ச்சத்துள்ள உணவை உண்ணும் மக்களிடம் அவை அரிது என்று டெனிஸ் பர்க்கிட் 1971 இல் ஆப்பிரிக்க அனுபவத்திலிருந்து முன்வைத்த கருத்து அதற்கு வலுவூட்டியது. பரம்பரைப் பொலிப்புகள் உணவைப் பார்த்து வருவன அல்ல என்பது அந்தப் பொதுக்கருத்தின் நிழலில் மறைந்தது.

இனி, கொடிவழியின் வரலாறு. 1948 இன் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மலையகத் தமிழரின் எதிர்காலத்தை, 1964 ஒக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் எண்களால் தீர்மானித்தது: 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. கண்டியிலிருந்த இந்திய உதவி உயர் ஸ்தானிகர் அலுவலகத்தில் விண்ணப்பங்கள் கையாளப்பட்டன. அண்ணன் குடும்பம் இந்தியக் கடவுச்சீட்டைப் பெற, தம்பி குடும்பம் இலங்கைப் பிரசாவுரிமையைப் பெற்றது. தாய் ஒரு பட்டியலிலும் மணமான மகள் மறுபட்டியலிலும் இடம்பெற்றனர். தலைமன்னாரிலிருந்து கப்பலேறி மண்டபம் முகாமில் இறங்கியவர்களுள் பலர், 1968 இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் வேலை பெற்று நீலகிரியின் கூடலூரிலும் கோத்தகிரியிலும் குடியேறினர். 1984 இல் கப்பற்போக்குவரத்து நின்றபின், சாவுக்குச் செல்லும் வழியும் அடைபட்டது.

இதன் மருத்துவ விளைவு இதுவரை போதிய அளவு எண்ணிப்பார்க்கப்படவில்லை. மலத்தில் குருதியோடு வரும் 19 வயது இளைஞனிடம் வைத்தியர் கேட்கவேண்டிய முதன்மையான கேள்வி, குடும்பத்தில் எவருக்கேனும் 50 வயதுக்கு முன் குடற்புற்றோ குடல் அறுவையோ நேர்ந்ததா என்பதாகும். அவனது பெரியப்பா கூடலூரில் இறந்திருந்தால், பன்விலவில் எஞ்சும் நினைவு அவர் வயிற்றுக்கோளாறால் இறந்தார் என்பதுதான். பாட்டனார் தோட்டத்திலேயே இறந்திருந்தால், அவரது மரணப் பதிவு வயிற்றோட்டம் என்று கூறக்கூடும். செயின்ட் மார்க்ஸ் பதிவேட்டைச் சாத்தியமாக்கிய அறிவு இம்மக்களிடம் இல்லாமல் இல்லை. மூன்று தலைமுறை உறவை முறைசொல்லி விளக்க வல்லவர்கள் லயத்துக்கு லயம் இருக்கிறார்கள். கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் அழைக்கவேண்டியவர்களை அவர்கள் மறப்பதில்லை. குறைபட்டது உறவின் நினைவன்று, இறப்பின் காரணம் பற்றிய அறிவே. அதனைச் சேர்த்தெடுக்க இன்று தொலைபேசி போதும்; கேட்கவேண்டும் என்ற எண்ணம் வைத்தியரிடமும் குடும்பத்திடமும் தோன்றவேண்டும்.

உறவுமுறைத் திருமணமும் இங்குக் கருதத்தக்கது. மாமன் மகளை மணக்கும் வழக்கம் ஏ.பி.சி பழுதின் பரவலைக் கூட்டுவதில்லை. அதற்கு ஒரு பழுதுற்ற படியே போதும். 2002 இல் கண்டறியப்பட்ட மற்றொரு வகையிலோ, மியூட்டிவைஎச் என்னும் மரபணுவின் இரு படிகளும் பழுதுற்றால்தான் பொலிப்புகள் பெருகுகின்றன. ஒரே பாட்டன்வழிப் பழுதை மணமக்கள் இருவரும் தாங்கியிருக்கும் வாய்ப்பு உறவுத் திருமணத்தில் கூடுகிறது. இவ்வகையில் பெற்றோர் இருவரும் நலமாக இருக்க, உடன்பிறந்தோர் இடையே மட்டும் நோய் தோன்றும். பெற்றோரை மட்டும் விசாரித்து நிறுத்திக்கொள்ளும் வைத்தியர் இதனைத் தவறவிடுவார்.

இன்றைய மருத்துவம் கூறும் நடைமுறைகளைப் பன்வில போன்ற ஊரின் நிலைமையோடு பொருத்திப் பார்க்கவேண்டும். வயிற்றோட்டம் நின்ற பின்னும் தொடரும் குருதி, மருந்துகளுக்கு அடங்காத இரத்தக்கடுப்பு, புழு மருந்தும் இரும்புச்சத்தும் கொடுத்தும் மீண்டும் மீண்டும் திரும்பும் சோகை, காரணமின்றி உடல் மெலிதல் ஆகியவை எந்த வயதிலும் உள்நோக்கிச் சோதனைக்கு உரியவை. சிறுபிள்ளைகளுக்கு மூலம் மிக அரிது. ஆகையால் பிள்ளைக்கு மூலம் என்று முடிவு கட்டுமுன் குடலைப் பார்ப்பதே முறை. கண்டி தேசிய வைத்தியசாலையும், பிள்ளைகளுக்குப் பேராதனையிலுள்ள சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலையும் இதற்கு நாடக்கூடியவை. ஏ.பி.சி பழுதுள்ள குடும்பத்தின் பிள்ளைகளுக்குப் பத்து முதல் பன்னிரண்டு வயதில் சோதனை தொடங்கி, ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை தொடரவேண்டும். லிஞ்ச் குடும்பங்களில் இருபது முதல் இருபத்தைந்து வயதில் தொடங்கவேண்டும். அகற்றிய முளை ஒவ்வொன்றும் நோய்க்கூற்றியல் ஆய்வுக்குச் செல்லவேண்டும், அதன் முடிவு நோயாளியின் கையிலும் எழுத்தில் இருக்கவேண்டும். ஏனெனில் வேலைதேடிக் கொழும்புக்குச் செல்லும் இளைஞர் மறுமுறை வேறொரு வைத்தியரிடமே செல்லக்கூடும். முளைகள் எண்ணி அகற்ற முடியாத அளவுக்குப் பெருகினால் பதின்ம வயதின் இறுதியிலோ இருபதுகளின் தொடக்கத்திலோ பெருங்குடலை அகற்றுகின்றனர். 1978 இல் பார்க்ஸும் நிக்கல்ஸும் விவரித்த முறையில் சிறுகுடலின் நுனியைப் பையாகத் தைத்து ஆசனவாயோடு இணைப்பதால், வயிற்றில் நிரந்தரத் துளையின்றி வாழ முடிகிறது.

உள்நோக்கிச் சோதனைக்கு முந்திய இரவு குடலை முற்றாகக் கழுவும் மருந்தைக் குடித்துவிட்டுப் பலமுறை கழிப்பறைக்குச் செல்லவேண்டியுள்ளது. பல குடும்பங்களுக்குப் பொதுவான கழிப்பறை லயத்துக்கு வெளியே இருக்கும் இடத்தில், மழையிலும் இருட்டிலும், பதினாறு வயதுப் பெண்பிள்ளைக்கு அது எத்தகைய துன்பம் என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும். நூறாண்டுக்கு முன் கொழுக்கிப்புழு இயக்கம் எதிர்கொண்ட கழிப்பிடப் பிரச்சினையே, வேறொரு நோயின் வழியில் இன்றும் குறுக்கே நிற்கிறது. அத்தகைய நோயாளியை முதல்நாளே வைத்தியசாலையில் சேர்த்துக் குடலைத் தயார்செய்வது சலுகையன்று, சிகிச்சையின் ஒரு பகுதி.

மரபணுச் சோதனை கொடிவழியின் இரு கரைகளையும் இணைக்கவல்லது. ஒரு குடும்பத்தில் முதலில் நோயுற்றவரிடம் மரபணுவின் முழு நீளத்தையும் படித்துப் பழுதைத் தேடவேண்டியுள்ளது. அது செலவு மிக்க வேலை. பழுது ஒருமுறை கண்டறியப்பட்டால், உறவினர் ஒவ்வொருவரிடமும் அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்தால் போதும், செலவும் மிகக் குறைவு. பன்விலவில் ஒரு நோயாளியிடம் கண்டறியப்படும் பழுதின் பெயர், சோதனை அறிக்கையின் ஒரு வரியாக, கூடலூரில் வாழும் அவரது பெரியப்பா பிள்ளைகளின் வைத்தியருக்கும் பயன்படும்; அப்பழுதைத் தாங்காத பிள்ளைகளுக்கு தொடர்ந்து குடலைச் சோதிக்கும் தேவையும் இராது.